ஏந்தியவளின் நாக்கு

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறன் குடிக்கிறான். யவனர் கொண்டுவந்த, குளிர்ந்து மணக்கும் தேறல். பொற்கிண்ணத்தில் ஏந்திக் கொடுப்பவர்கள் வளையணிந்த பெண்கள். நக்கீரர் தேறலின் மணத்தைச் சொல்கிறார், அரசனின் மகிழ்ச்சியைச் சொல்கிறார். ஏந்தியவர்களில் ஒருத்தியாவது விரலில் தொட்டு நக்கிப் பார்த்திருப்பாளா என்பது பாட்டின் கவலை இல்லை. பல ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்துகிறேன். அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடி ஓடுகளைப் பற்றிக் கேட்ட மாணவிகள் உண்டு. இதை யாரும் கேட்டதில்லை. நானே சென்ற ஆண்டுதான் கேட்டுக்கொண்டேன், பெங்களூரில் தோழி வீட்டு இரவுச் சாப்பாட்டின்போது.

வஞ்சிரம் வறுவல், மீன் குழம்பு, சோறு. கூடவே நாசிக்கில் செய்த, விலை குறைந்த இரண்டு வெள்ளை ஒயின்கள். சோவினியோன் பிளாங்க் என்றாலே ‘கூஸ்பெரி’ மணம் என்று எழுதுவார்கள். நாம் அதை நெல்லிக்காய் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். நெல்லியின் துவர்ப்பையும், பிறகு தண்ணீர் குடித்தால் ஊறும் இனிப்பையும் வாய்க்குள் தேடினேன். இல்லை. அது ஐரோப்பாவின் முட்செடிப் பழம். நம் நெல்லிக்கு உறவே இல்லை. ஆங்கிலேயர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். அதியமான் அவ்வைக்குக் கொடுத்த கனியை அந்தப் புட்டியில் தேடிப் பயனில்லை. எனக்கு வந்தது அப்போதுதான் நறுக்கிய குடைமிளகாயின் வாசனை. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். பிறகு படித்தபோது தெரிந்தது: இரண்டிலும் இருப்பது மெத்தாக்சிபைரசீன் என்ற ஒரே வகைச் சேர்மம். தயங்கியிருக்கத் தேவையில்லை.

ஒயின் விமர்சனத்தின் பழைய மொழியில் கனத்த சிவப்பு ‘ஆண்மை’ உடையது, மெல்லிய வெள்ளை ‘பெண்மை’ உடையது. இந்த மொழியை அசைத்தவர் ஆன் நோபிள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் திராட்சை-ஒயின் துறைக்கு 1974இல் ஆசிரியராக வந்த முதல் பெண். 1984இல் அவர் வெளியிட்ட மணச் சக்கரத்தில் ‘நளினம்’ போன்ற சொற்களுக்கு இடமில்லை. முகர்ந்து சரிபார்க்கக்கூடிய பெயர்கள் மட்டுமே. மாதிரி மணங்களுக்கு அவர் போனது மளிகைக் கடைக்கு. டப்பாவில் அடைத்த அஸ்பாரகஸின் நீரை மணமில்லாத ஒயினில் கலந்தால் ஒரு மாதிரி தயார். சமையலறை மூக்கின் அறிவுக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அது அமெரிக்க மளிகைக் கடை. நம் சக்கரத்தை நாம்தான் வரைய வேண்டும். அதில் பலாச்சுளையும் வெந்தயமும் இருக்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சோவினியோனின் புளிப்பு வறுவலுக்கு எலுமிச்சை பிழிந்தது போல இருந்தது. குழம்போடு அது தோற்றது. சாராயச் சத்து மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். சற்றே இனிப்பு எஞ்சிய ஒயின்தான் அதைத் தணிக்கும். அதனால் ஷெனின் பிளாங்க்குக்கு மாறினோம்.

இதை எழுதுவது எனக்கு எளிதல்ல. அப்பாவின் குடியால் படிப்பை நிறுத்த இருந்த பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். மதுக்கடைக்கு எதிராகத் தெருவில் உட்கார்ந்த பெண்களின் கோபம் நியாயமானது. என் ஒரு கிண்ணம் அதற்குப் பதில் ஆகாது. ஆனால் குடித்த ஆணைக் கேட்காமல், பெண்ணின் வாயை மட்டும் முகர்ந்து பார்க்கும் காவல் வேறு. அந்தத் தேறல் வந்த ரோமிலேயே அது நடந்தது. குடித்திருக்கிறாளா என்று அறிய உறவு ஆண்கள் பெண்களை முத்தமிட்டதாகவும், ஒயின் குடித்த மனைவியை அடித்தே கொன்றவனை ரோமுலஸ் விடுவித்ததாகவும் பிளினி எழுதியிருக்கிறார்.

நம்மிடம் அவ்வை இருக்கிறாள். 235ஆம் பாட்டில் அதியமானுக்காக அழும்போது அவள் முதலில் நினைப்பதே கள்ளைத்தான்: கொஞ்சம் இருந்தால் எங்களுக்குத் தந்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாட அவனும் உடன் குடிப்பான். இந்த இடத்தை நடத்தும்போது என் குரல் இன்றும் ஒரு படி தாழ்கிறது. பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள்.

அன்று தோழி இரண்டாவது கிண்ணத்தை நீட்டி, “என்னடி மணக்குது, சொல்லு” என்றாள். பழுத்த கொய்யா என்றேன். கொஞ்சம் தேனும். குழம்புக்குப் பரவாயில்லை.