இராதாமனோகரம் ஏறும் மரம்

அழகிழந்த அடிமரத்தை மறைக்கக் கொடி தேடும் ஐதராபாத் தோட்டக்காரர்கள் இலையின் பச்சையையும் பூவின் நிறத்தையும் பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை கொடி எதனால் பற்றுகிறது என்பதும், பற்றப்படும் மரம் எவ்வளவு பருமன் என்பதும் ஆகும். ஏறுகொடிகளைப் பற்றி சார்லஸ் டார்வின் 1865இல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்தின் சுற்றுக்கொடிகளில், அதாவது தண்டினாலேயே ஆதாரத்தைச் சுற்றி ஏறுபவற்றில், ஹனிசக்கிள் ஒன்றே மரத்தைச் சுற்றி ஏறியதாகவும், அதுவும் நாலரை அங்குலக் குறுக்களவுள்ள இளம் பீச் மரத்தையே சுற்றியதாகவும் குறிப்பிட்டார். இரண்டு கை சேர்த்து அணைத்தாலும் அடங்காத குல்மோகர் மரத்தடியில் சங்குப்பூ விதையைத் தூவிவிட்டு, கொடி தரையிலேயே சுருண்டு கிடக்கிறதே என்று வருந்துவதில் பயனில்லை.

எல்லா அடிமரமும் மறைக்கத் தக்கதுமன்று. மருத மரத்தின் வெளிறிய வழவழப்பான பட்டையையும், உரிந்து உரிந்து நிறம் மாறும் தைல மரத்தின் மேனியையும் இலையால் மூடுவது ரசனைக் குறைவு. கள் இறக்குவோர் ஆண்டுதோறும் பக்கம் மாற்றிச் சீவியதால் கோணல் கோணலாக உயர்ந்த தெலங்கானாவின் ஈச்சமரத்தை அசிங்கம் என்று சொல்வோர் உண்டு. அந்த வெட்டுகள் மரத்தின் வயதையும் அதில் ஏறியவரின் உழைப்பையும் காட்டி நிற்பதால், அதைத் திறந்தே விடுவதுதான் மரியாதை. பூஞ்சை பிடித்துப் பொந்து விழுந்த குல்மோகரையும் மூடக் கூடாது, ஏனெனில் பருவமழைக் காற்றில் முறியக்கூடிய மரத்தின் புண் தோட்டக்காரர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சுபவை மின்கம்பிக்காகத் தலை வெட்டப்பட்ட நெட்டிலிங்கம், ஆணி அறையப்பட்ட வேம்பு, சொரசொரத்துத் தழும்பேறிய தென்னை ஆகியவை.

இவற்றுள் தென்னையே கொடிக்கு மிக உகந்தது என்பதற்குத் தாவரவியல் காரணம் இருக்கிறது. வேம்பு போன்ற மரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வளர்படை எனப்படும் மெல்லிய அடுக்கு ஆண்டுதோறும் புதுத் திசுவை உண்டாக்கி மரத்தைப் பருக்கச் செய்வதால், இறுகச் சுற்றிய கொடியோ கயிறோ நாளடைவில் உணவு செல்லும் வழியை நெரிக்கும். தென்னை, பனை வகைகளில் அந்த அடுக்கே இல்லாததால் அடிமரம் அவ்வாறு பருப்பதில்லை. ஆகவே தென்னையில் கட்டிய கயிற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. உச்சியிலுள்ள ஒற்றைக் குருத்தைக் கொடி மூடிவிடாமல், மட்டைகளுக்கு ஒரு முழம் கீழேயே கத்தரித்துவிடுவது மட்டும் கட்டாயம்.

அந்தத் தென்னையில் ஏற்றத் தக்கது, தெலுங்கர் இராதாமனோகரம் என்று அழைக்கும் ரங்கூன் மல்லி. வேறு கொடிகளில் அரிதாகவே காணும் ஒரு நாடகம் அதன் ஒரே பூவுக்குள் நடக்கிறது. அந்தி மங்கும்போது மொட்டு வெள்ளையாக விரிந்து, இரண்டு அங்குலத்துக்குக் குறையாத நீண்ட குழலின் அடியிலுள்ள தேனை நீள்நாக்கு அந்துப்பூச்சிகளுக்கு மணத்தால் அறிவிக்கிறது. மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் செஞ்சிவப்பாகித் தலை கவிழும்போது தேனீக்களும் தேன்சிட்டுகளும் அதனிடம் வருகின்றன. மூன்று நாள் பூக்கள் ஒரே கொத்தில் தொங்குவதால், வெள்ளையும் செம்மையும் கலந்த அந்தக் கொத்தை மாலை ஆறரை மணிக்கு மேல் பார்க்காதவர் அதைப் பார்த்தவராகார். முதலில் புதராக நின்று பிறகு கொடியாக ஓடும் இதன் போக்கைக் கண்டு வியந்த தாவரவியலாளர் ரம்ஃபியஸ், 17ஆம் நூற்றாண்டில், ‘யார்? எது?’ என்று பொருள்படும் குயிஸ்குவாலிஸ் என்ற லத்தீன் பெயரை அதற்கு இட்டார். இன்றைய வகைப்பாடு அதைக் கோம்பிரெட்டம் பேரினத்தில் சேர்த்துவிட்டாலும் பழைய பெயரின் அழகு புதியதில் இல்லை. இலை உதிர்ந்த பின்னும் காம்பின் அடிப்பகுதி முள்ளாக நின்று, பற்றிக்கொள்ளும் கொக்கியாகிறது. கிளையற்ற தென்னையில் அது போதாதாகையால், அடியிலிருந்து இரண்டு தேங்காய்நார்க் கயிறுகளை நெடுக்காகக் கட்டி, முதல் ஈராண்டு தளிரை அவற்றோடு சேர்த்து முடிந்துவிட வேண்டும்.

மணிபிளான்ட் போதும் என்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. தண்டிலிருந்து புறப்படும் பற்றுவேர்களால் அது எந்தப் பருமனையும் தழுவும். தொட்டியில் கையகலம் இருந்த இலை மரத்தில் ஏறியதும் முறத்தளவாகிப் பிளவுபடும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் 40 பாகையைத் தாண்டும் தக்காணத்தின் வறண்ட வெயிலில் அதன் இலையோரம் கருகுகிறது. மேலும் அது பூக்காத கொடி. ஜிபரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கியை உண்டாக்கும் மரபணு ஒன்று அதில் செயல்படாததே காரணம். காகிதப்பூ வறட்சியைத் தாங்கினாலும், அதன் முள்ளும் பாரமும் மரத்தின் மேல் கவிழ்ந்து உச்சியின் வெயிலைப் பறித்துவிடும். வேம்பில் ஏறும் சீந்தில் மருந்துக்கு நல்லது, கண்ணுக்கு அன்று.

வருந்தத் தக்க ஒன்றும் இங்கே சொல்லப்பட வேண்டும். மாரேட்பள்ளி, ஹிமாயத்நகர் பகுதிகளின் பழைய வீட்டு வாசல்களில் மாலைக் காற்றில் மணந்த இராதாமனோகரம், அந்த வீடுகள் அடுக்ககங்களாக மாறியபோது வேரோடு போயிற்று. நெக்லஸ் சாலை நர்சரி மேளாக்களுக்கு ஆந்திரத்தின் கடியம் பக்கத்திலிருந்து வந்து குவியும் கன்றுகளில் அடுக்குப் பூ இரகமே முந்தி நிற்கிறது. இதழ் கூடிய அந்தப் பூவில் குழலின் நெடிய ஒல்லியழகு கூட்டத்தில் மறைந்துபோகிறது. அடிமரத்தை மறைக்க இப்போதெல்லாம் கொடிக்குப் பதிலாகச் சீரியல் விளக்குச் சரங்களைச் சுற்றுகிறார்கள், அவற்றைப் பொருத்த மரத்தில் ஆணியும் அடிக்கிறார்கள்.

இராதாமனோகரத்தின் வேரிலிருந்து பக்கக் கன்றுகள் தாமாகவே கிளம்பும். தெருவில் பழைய வீடு ஒன்று இடிபடப் போவதாகத் தெரிந்தால், அதன் வாசல் கொடி ஒற்றைப் பூவுடையதா என்று பார்த்து, வேரடிக் கன்று ஒன்றைக் கேட்டு வாங்கி, ஜூன் மழை இரண்டு பெய்ததும் தென்னையிலிருந்து இரண்டடி தள்ளி நட்டுவிடுங்கள்.