ஐயமும் மறுப்பும்

ஐயவாதமும் நாத்திகமும் ஒன்றெனவே பலர் எண்ணுகின்றனர். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத் தலைவராய் விளங்கிய ஆபிரகாம் கோவூரின் (1898–1978) பணியை நோக்குவார்க்கு இவ்வெண்ணம் எழுதல் இயல்பே. அவரிடத்து இரண்டும் ஒருங்கே அமைந்திருந்தன.

ஆயினும் ஐயுறுதல் ஆராயும் முறை. நாத்திகம் ஒரு முடிபு. மோசடிக்கு இடமற்ற சூழலில் அற்புத ஆற்றலை மெய்ப்பிப்பார்க்கு ஓர் இலட்சம் ரூபா அளிப்பதாக அவர் 1963 இல் அறைகூவினார். அவர் மறையும் வரை எவரும் அதனைப் பெற்றிலர். இஃது ஐயத்தின் வெற்றி. ஆனால், அற்புதம் செய்வதாகக் கூறியவன் தோற்றமையால் இறைவன் இலன் என்பது பெறப்படுமோ? பெறப்படாது, அம்முடிபுக்கு வேறு ஏதுக்கள் வேண்டும்.

இவ்வேறுபாட்டுக்குச் சான்று அயலிலேயே உண்டு. 1875 இல் பேலியகொடையில் தோன்றிய வித்தியாலங்காரப் பிரிவெனா போற்றி வளர்த்த தேரவாத பௌத்தம் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை; மறுபிறப்பை ஏற்கின்றது. கோவூரோ அதனையும் மறுத்தார். சைவ சித்தாந்தம் இறைவனை ஏற்பது; எனினும் ஐயத்துக்கு அஞ்சுவதன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் ஐயக்காட்சியையும் திரிபுக்காட்சியையும் இலக்கணம் கூறி வகுத்த பின்னரே இறையுண்மை பேசப் புகுகின்றார்.

ஆதலின், வினவும் மாணவனை நாத்திகன் என்று அடக்கும் ஆசிரியரும், போலிச் சாமியார் ஒருவர் பிடிபட்டவுடன் கடவுள் வழக்கே தீர்ந்ததெனக் கொள்ளும் இளைஞரும் புரிவது ஒரே பிழையே. இருவரும் ஆராய்ச்சி தொடங்குமிடத்தை அதன் முடிவெனக் கொள்கின்றனர்.