இரட்சணிய யாத்திரிகம்: சுயபுண்ணியமும் அருளும்

இரட்சணிய யாத்திரிகம், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய கிறிஸ்தவக் காப்பியம். ஜான் பனியன் 1678-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட உருவக உரைநடை நூலைத் தழுவியது. 1894-ல் நூலாக வெளிவந்தது. மனிதன் தன் நற்செயல்களால் அல்ல, கிறிஸ்துவை நம்புவதாலேயே மீட்படைகிறான் என்பது இரு நூல்களுக்கும் மையக் கருத்து.

மூலநூல்

பாவச்சுமையோடு புறப்படும் பயணியிடம், ஒழுக்க நெறியில் நின்றாலே சுமை இறங்கிவிடும் என்கிறான் ஓர் உலக ஞானி. அவன் காட்டிய வழியில் ஒரு மலை தலைமேல் சரிந்துவிடுவதுபோல் நிற்கிறது. சுமை முன்னிலும் கனக்கிறது. பின்னர் சிலுவையின் முன் அது தானாகவே அவிழ்ந்து விழுகிறது. தன் நல்வாழ்வை நம்பி நடந்த ‘அறியாமை’ என்னும் பாத்திரமோ விண்ணக வாசல்வரை வந்தும் நரகில் தள்ளப்படுகிறது.

காப்பியத் தலைவன்

தமிழ்க் காப்பிய இலக்கணம் தன்னேரில்லாத் தலைவனைக் கேட்கிறது. தன் வலிமையால் எதையும் ஈட்ட முடியாத பயணி அந்த இடத்துக்குப் பொருந்துவதில்லை. பனியன் சிலுவையை ஒரு சிறு காட்சியாகக் காட்டிக் கடந்துவிடுகிறார். கிருஷ்ணபிள்ளை இரட்சணிய சரிதப் படலத்தில் கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் விரிவாகப் பாடுகிறார். இதைக் கதையோட்டத்துக்குத் தடை என்று கருத இடமுண்டு. ஆனால் இப்படலத்தால் தலைவனின் இடம் பயணியிடமிருந்து கிறிஸ்துவுக்கு மாறுகிறது. செயல் அவருடையது, பெறுதல் மட்டுமே பயணியுடையது. நூலின் கருத்து அதன் அமைப்பாகவே ஆகிவிடுகிறது.

வைணவப் பின்னணி

கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் கிறிஸ்தவரானவர். தன் முயற்சியைக் கைவிட்டு இறைவனைச் சரணடையும் நெறி அவர் பிறந்த மரபிலேயே இருந்தது. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைத் தென்கலையார் அதற்கு உவமையாகச் சொல்வர். எனவே அருளின் மொழி தமிழ் வாசகருக்கு அந்நியமானதல்ல. ஆனால் இக்காப்பியத்தில் சரணாகதி சிலுவை மரணம் என்னும் ஒரு நிகழ்வைப் பற்றி நிற்கிறது. இரண்டையும் ஒன்றென்று கொள்வது நூலைத் தவறாக வாசிப்பதாகும்.

மதிப்பீடு

கம்பனின் நடையைப் பின்பற்றும் அணிச்செறிவு இந்நூலின் அழகு. அதுவே அதன் குறையும் ஆகிறது. வெறுங்கையோடு நிற்பவனின் குரல் சில இடங்களில் புலமையின் குரலுக்குள் அமிழ்ந்துவிடுகிறது. இடையிடையே வரும் தேவாரப் பாடல்களில் அந்தப் பளு குறைந்து மன்றாட்டு நேரடியாக ஒலிக்கிறது. புலமையும் ஒருவகைச் சுயபுண்ணியம்தான் எனில், கவிஞர் அதை இறக்கிவைத்த இடங்கள் இப்பாடல்களே.