மேய்ப்பனைக் கண்டோம், மந்தையைக் கண்டோமா?

அண்மையில் வேளச்சேரியில் நம் அன்பியக் கூட்டம் முடிந்து, தேநீர் வேளையில் ஒரு திரைப்படம் பேச்சுக்கு வந்தது. "அது பிற சபைகளின் போதகர்களைப் பற்றிய படம், நமக்கென்ன?" என்றார் ஒருவர். "இல்லை, கிறிஸ்தவர் அனைவரையும் அது நகைப்புக்கு உள்ளாக்குகிறது" என்றார் மற்றொருவர். அதுவரை வாய் திறவாதிருந்த மூதாட்டி ஒருவர், "அந்தப் படத்துல செத்துப்போன பிள்ளையைப் பத்தி ஏன் யாருமே பேச மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார். அனைவரும் மௌனமாயினர். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

பேசப்பட்ட படம் அன்வர் ரஷீத் இயக்கிய 'ட்ரான்ஸ்' என்னும் மலையாளப் படம். வின்சென்ட் வடக்கன் எழுதியது. தணிக்கையில் வெட்டுகள் கோரப்பட்டு, மறுஆய்வுக்குப் பின் 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. ஒரு மாதத்திற்குள் கொரோனா பெருந்தொற்றால் திரையரங்குகள் மூடப்பட, பலரும் வீட்டில் இருந்தே அதைக் கண்டனர். ஆலயங்களும் அடைபட்டு, திருப்பலியையே தொலைக்காட்சியில் கண்ட நாட்கள் அவை. பின்னர் 2022-இல் 'நிலை மறந்தவன்' என்ற பெயரில் தமிழிலும் வந்தது.

கதைத் தலைவன் விஜு பிரசாத் கன்னியாகுமரியில் வாழ்பவன். பிறருக்குத் தன்னம்பிக்கை ஊட்டிப் பேசுவதைத் தொழிலாகக் கொள்ள முயல்பவன். தாயைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவன்; மனநோயுற்ற தம்பியையும் அவ்வாறே இழக்கிறான். துயரோடு மும்பைக்குச் செல்லும் அவனை இரண்டு வணிகர்கள் கண்டெடுத்து, ஜோஷுவா கார்ல்டன் என்று பெயர் சூட்டி, 'அற்புதங்கள் செய்யும்' போதகனாக உருவாக்குகின்றனர். விவிலியம் அறியாதவனுக்கு விவிலியம் பாடமாகப் புகட்டப்படுகிறது. நடையும் உடையும் கையசைவும் பயிற்றுவிக்கப்படுகின்றன. இக்காட்சிகளில் நாம் சிரிக்கிறோம். ஆயினும் அது கசப்பு கலந்த சிரிப்பு. நேற்றுவரை 'வெற்றி உன் கையில்' என்று முழங்கியவன் இன்று அதே குரலில் 'அற்புதம் உன் வாசலில்' என்கிறான். சரக்கு ஒன்றே, உறை மட்டுமே வேறு. இந்த அங்கதமே படத்தின் தலையாய சிறப்பு என்பது நம் துணிபு.

திறனாய்வாளர் பலரும் ஃபகத் ஃபாசிலின் நடிப்பையும் அமல் நீரதின் ஒளிப்பதிவையும் ஒருமுகமாகப் போற்றினர். முற்பகுதியின் விறுவிறுப்பு பிற்பகுதியில் தளர்வதையும், ஆம்ஸ்டர்டாமில் முடியும் இறுதிக்காட்சி ஒட்டாமல் நிற்பதையும் குறையாகக் கண்டனர். இவற்றில் நமக்கும் உடன்பாடே. உளநோய்க்கான மருந்துகளைப் படம் காட்டும் விதம், நோயாளரை மருந்துக்கு அஞ்சச் செய்யும் என்ற கண்டனமும் எழுந்தது. செபத்தால் மருத்துவத்தைப் புறக்கணிக்கும் பேதைமையைச் சாடவந்த படம், மருத்துவத்தின் மீதே ஐயத்தை விதைப்பது முரண் அன்றோ?

பொதுமக்களின் வரவேற்போ இரு கரைகளாகப் பிரிந்து நின்றது. 'போலிகளின் முகத்திரையைக் கிழித்த துணிவு' என்றனர் சிலர். 'எம் சமயத்தைக் குறிவைத்த தாக்குதல்' என்றனர் வேறு சிலர். தமிழருக்கு இது புதிதன்று. 1952-இல் 'பராசக்தி' வெளிவந்தபோதும், சாடப்பட்டது சமயமா, சமயத்தின் பெயரால் நடந்த கயமையா என்ற வழக்கு எழவே செய்தது. ஆனால் இரு கரையினரும் மேய்ப்பனையே நோக்கினர், மந்தையை நோக்கினாரில்லை.

படத்தின் குறையும் அதுவே. மேடை ஒளியில் மிதக்கிறது. அரங்கில் கைதூக்கி அழும் ஆயிரவர் வெறும் அலையாக, முகமற்ற திரளாகவே காட்டப்படுகின்றனர். அவர்கள் ஏன் வந்தனர், எந்த வீட்டின் எந்தத் துயரைச் சுமந்து வந்தனர் என்று படம் பெரிதும் வினவவில்லை. விதிவிலக்கு ஒருவரே: விநாயகன் ஏற்ற தாமஸ் என்னும் ஏழைத் தந்தை. காய்ச்சலுற்ற மகளை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல், போதகரின் செபத்தை நம்பிக் காத்திருந்து இழக்கிறார். அவர் வரும் சில காட்சிகளில் நம் சிரிப்பு உறைந்து போகிறது. படம் முழுவதும் அவரது கண்கொண்டு சொல்லப்பட்டிருந்தால், அது பேரிலக்கியத்தின் வாயிலை எட்டியிருக்கும்.

'அவர்கள் வேறு, நாம் வேறு' என்று நாம் தப்பிவிட இயலுமா? நம் மரபு இதில் தெளிவானது. மருத்துவரை மதிக்கவும், செபத்தோடு மருத்துவருக்கும் இடம் தரவும் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. குணம் வேண்டிச் செய்யும் செபங்கள் குறித்து உரோமை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2000 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுரை, அத்தகைய கூட்டங்களில் வெறியுணர்ச்சிக்கும் நாடகத்தன்மைக்கும் பரபரப்புக்கும் இடமளிக்கலாகாது என எச்சரிக்கிறது. நம்மிடையே தேவையற்றதாயின் அந்த எச்சரிக்கை எழுதப்பட்டிருக்குமா?

நம் அன்பியத்திலேயே ஒரு சகோதரி உண்டு. செபக்கூட்டம் ஒன்றில் 'குணமடைந்தேன்' என்று சாட்சி சொல்லிவிட்டு, சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்திக்கொண்டார். காலில் புண் முற்றிய பின்னரே நமக்குத் தெரியவந்தது. அக்கூட்டத்திற்கு ஏன் போனீர்கள் என்று கேட்டோம். "அங்கே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க" என்றார். கணவரை இழந்தபின் நம்மில் ஒருவரும் அவர் வீட்டுப் படியேறவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, நாமே உணர்ந்தோம்.

போலி மேய்ப்பன் வானிலிருந்து குதிப்பதில்லை; தேடுவாரின்றித் தனித்து நிற்கும் ஆடுகளின் நடுவே முளைக்கிறான். படத்தைக் கண்டு சிரித்தோரும் சினந்தோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். மூதாட்டியின் கேள்விக்கு நம்மிடம் இன்னும் விடையில்லை. ஆனால் வரும் வாரம் அச்சகோதரியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது யார் என்பதை, அன்றே முடிவு செய்துவிட்டோம்.