மைலுக்கு இத்தனை சென்ட்: ஒரு கூலிமுறையின் மதிப்பீடு

அமெரிக்க நெடுந்தூர லாரித் தொழிலில் புதிதாகச் சேரும் ஓட்டுநரிடம் நிறுவனங்கள் முதலில் காட்டுவது இரண்டு எண்களை. ஒன்று, மைலுக்கு எத்தனை சென்ட். மற்றொன்று, வாரத்துக்கு எத்தனை மைல். இரண்டையும் பெருக்கினால் வாரச் சம்பளம் கிடைத்துவிடும் என்பது விளம்பரம் சொல்லாமல் சொல்லும் வாக்குறுதி. பெருக்கலில் பிழையில்லை. அந்த எண்கள் எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்பதே கேள்வி. மைல் கூலியைச் சுரண்டல் என்று தள்ளிவிடுவது எளிது. உழைப்புக்கேற்ற ஊதியம் என்று புகழ்வதும் எளிது. இரண்டு தரப்பும் புதியவரைத் தனியாக எடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு கூலிமுறையின் தரத்தை அதில் மிகவும் பலவீனமான நிலையில் நிற்பவரை வைத்தே சோதிக்க வேண்டும்.

முறையின் சிறப்புகள் உண்மையானவை. ஓஹையோவில் ஏற்றிய சரக்கை டெக்சாஸில் இறக்கும்வரை ஓட்டுநர் எந்த மேற்பார்வையாளரின் கண்ணிலும் படுவதில்லை. அப்படிப்பட்ட வேலைக்கு மணிக்கூலி தர முதலாளி தயங்குவது இயல்பு. மைல் கூலி அந்தத் தயக்கத்தைத் தீர்க்கிறது: வண்டி நகர்ந்ததே வேலை நடந்ததற்குச் சான்று. சரக்குக் கட்டணமும் பெரும்பாலும் மைல் கணக்கில் பேசப்படுவதால் வரவும் கூலியும் ஒரே அலகில் நிற்கின்றன. எங்கே எரிபொருள் நிரப்புவது, எந்த நகரத்தை எந்த நேரத்தில் கடப்பது, இரவில் எங்கே நிறுத்துவது என்று திட்டமிடத் தெரிந்தவர் கூடுதலாக ஓட்டி, கூடுதலாகச் சம்பாதிக்கிறார். எளிமை, சரிபார்க்கும் வசதி, திறமைக்கு வெகுமதி ஆகிய மூன்றையும் ஒருசேரத் தரும் கூலிமுறைகள் அதிகமில்லை. மைல் கூலி இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இந்த ஒருமைப்பாடும் ஒரு காரணம்.

ஆனால் அலகைத் தொட்டவுடன் ஒருமைப்பாடு தளர்கிறது. எந்த மைல்? தொழிலில் குறைந்தது மூன்று வகை புழங்குகின்றன. வீட்டுச் சாமான் ஏற்றிச்செல்லும் தொழிலிலிருந்து வந்த பழைய கணக்கு ஊருக்கு ஊர் குறுக்குத் தூரத்தைப் பார்க்கிறது. லாரி நடைமுறையில் எந்த வழியில் போகும் என்பது அதற்குப் பொருட்டல்ல. இரண்டாவது, லாரி நடைமுறையில் செல்லக்கூடிய வழியின் தூரம். மூன்றாவது, சக்கரம் உண்மையில் உருண்ட தூரம். முதல் கணக்கில் கூலி தரும் நிறுவனத்தில் ஓட்டுநர் ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்ச தூரம் இனாமாக ஓட்டுகிறார். மைலுக்கு இரண்டு சென்ட் கூடுதலாகத் தருவதாகச் சொல்லும் நிறுவனம் பழைய கணக்கில் அளந்தால், அந்த இரண்டு சென்ட் வந்த வழியே போய்விடும். அலகை வரையறுக்காமல் விலையை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் விளம்பரம் துல்லியத்தின் தோற்றத்தை மட்டுமே தருகிறது.

இரண்டாவது எண்ணையும் சோதிப்போம். வாரம் 3,000 மைல் என்பது ஆள்சேர்ப்பவர்களுக்குப் பிடித்தமான எண். கூட்டாட்சிப் பணிநேர விதிப்படி 10 மணி நேரத் தொடர் ஓய்வுக்குப் பிறகு 14 மணி நேரச் சாளரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். 8 நாட்களில் மொத்தப் பணிநேரம் 70 மணியை எட்டினால் மேலும் ஓட்டக் கூடாது. 34 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். அந்த 70 மணியில் வண்டிச் சோதனை, எரிபொருள், ஆவணங்கள், ஏற்றி இறக்குதல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 மணி போதும் என்று தாராளமாகவே கொள்வோம். மீதி 60 மணி. வேகக்கட்டுப்பாட்டுக் கருவி பூட்டிய வண்டி, நகர நெரிசல், மலையேற்றம் எல்லாம் சேர்ந்து சராசரி வேகம் மணிக்கு 50 மைல் என்றால் கிடைப்பது சரியாக 3,000 மைல். விளம்பரம் பொய் சொல்லவில்லை. எதுவுமே தவறாக நடக்காத வாரத்தின் உச்சவரம்பை அது சராசரி போல எழுதுகிறது, அவ்வளவுதான். 2017 டிசம்பரில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமானபின் காகிதப் பதிவேட்டில் நேரத்தை வளைத்து இந்த உச்சத்தைத் தாண்டும் வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. பாதுகாப்பு நோக்கில் அது சரியான சீர்திருத்தம். கூலிமுறையை அப்படியே விட்டுவிட்டு நேரத்தை மட்டும் இறுக்கியது அதன் குறை.

முறையின் மையக் கோளாறு காத்திருப்பில் இருக்கிறது. ஓட்டுநர் காலை 6 மணிக்குக் கிளம்புகிறார். 8 மணிக்குக் கிடங்கை அடைகிறார். ட்ரெய்லரைப் பின்னோக்கித் தளமேடையில் சேர்த்துவிட்டு, ஆவணத்தைச் சன்னலில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். பகல் 1 மணிக்கு விடுகிறார்கள். 14 மணி நேரச் சாளரம் இரவு 8 மணிக்கு மூடுகிறது. விதிப்படி அவருக்கு இன்னும் 9 மணி நேரம் ஓட்ட உரிமை உண்டு. சாளரத்தில் மிச்சம் 7 மணிதான். அதிலும் நிறுத்த இடம் தேடும் நேரம் கழியும். 5 மணி நேரம் கூலியில்லாமல் போனது மட்டுமல்ல, பிறகு ஓட்டியிருக்கக்கூடிய நூறு மைலும் போனது. நட்டம் இரட்டிப்பு. முதல் 2 மணி நேரக் காத்திருப்பு இலவசம் என்பது தொழிலின் பழக்கம். அதற்குப் பிந்தைய கட்டணம் சரக்கனுப்புபவரிடமிருந்து வசூலானால்தான் ஓட்டுநருக்கு வரும் என்று வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, காத்திருப்பால் ஓட்டுநர் ஒருவர் ஆண்டுக்கு 1,281 முதல் 1,534 டாலர்வரை இழப்பதாக மதிப்பிட்டது. சராசரித் தங்கல் நேரம் 15 நிமிடம் கூடினால் எதிர்பார்க்கும் விபத்து விகிதம் 6.2 சதவீதம் உயரும் என்றும் அது கண்டது. கூலியில்லாத நேரத்தைச் சாலையில் ஈடுகட்ட முயல்வதன் விலை ஓட்டுநரோடு நிற்பதில்லை.

இதே சூழலில் அனுபவசாலி என்ன செய்வார் என்பதையும் சொல்வது நியாயம். 2020இல் திருத்திய விதிப்படி 10 மணி நேர ஓய்வை 7-3 என்று பிரித்துக்கொள்ளலாம். அப்படிப் பிரித்த பகுதிகள் சாளரத்தைத் தின்பதில்லை. வேலையிலிருந்து முழுமையாக விடுபட்ட காத்திருப்பை ஓய்வின் ஒரு பகுதியாகப் பதிந்து, இரவில் படுக்கையில் மீதியை முடித்து, அவர் நாளை மீட்டுவிடுவார். புதியவருக்கு இந்த விதி பாடப்புத்தகத்தில் ஒரு வரி. அவர் ட்ரெய்லரைப் பின்னோக்கிச் சேர்க்க அரை மணி எடுத்துக்கொள்கிறார், வழி தப்புகிறார், நிறுத்த இடமில்லாமல் அலைகிறார். நல்ல லோடுகளை, அவற்றைப் பங்கிடும் டிஸ்பாட்சர் தனக்குப் பழகிய ஓட்டுநர்களுக்கே முதலில் தருகிறார். ஆக, திறமைக்கு வெகுமதி என்ற சிறப்பின் மறுபக்கம், கற்றுக்கொள்வதற்கு அபராதம். மைல் கூலி முதிர்ந்த ஓட்டுநரிடம் நியாயமாக நடந்துகொள்ளும் அதே காரணத்தால் புதியவரிடம் கடுமையாக நடந்துகொள்கிறது.

கணக்காகவே பார்ப்போம். மைலுக்கு 45 சென்ட், வாரம் 2,000 மைல் என்று வைத்துக்கொண்டால் 900 டாலர். பணிநேரம் 70 மணி என்றால் மணிக்கு 13 டாலருக்கும் குறைவு. 5 சென்ட் உயர்வு கிடைத்தால் கூடுவது 100 டாலர். வாரத்துக்கு 300 மைல் கூடக் கிடைத்தால் 135 டாலர். சென்ட்டைப் பேரம் பேசுவதைவிட மைலின் நிச்சயத்தைப் பேரம் பேசுவதே புதியவருக்கு லாபம். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். கூலியின் ஒரு பகுதியை வரியில்லாப் படியாகத் தரும் ஏற்பாட்டிலும் இதே கண் வேண்டும்: கையில் வருவது கூடும், சமூகப் பாதுகாப்பு, வேலையிழப்பு உதவி ஆகியவற்றுக்கு அடிப்படையான ஊதியம் அதே அளவுக்குச் சுருங்கும்.

புள்ளிவிவரங்களும் கவனமாகக் கையாளப்பட வேண்டியவை. தொழிலாளர் புள்ளியியல் செயலகத்தின் 2024 மே கணக்குப்படி கனரக லாரி ஓட்டுநர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 57,440 டாலர். ஆள்சேர்ப்பு மேடைகளில் இந்த வகை எண்கள் தொடக்கச் சம்பளத்தின் சாயலில் காட்டப்படுகின்றன. ஆனால் மாலையில் வீடு திரும்பும் உள்ளூர் ஓட்டுநரும், இருபதாண்டு அனுபவமுள்ளவரும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள். வார அளவில் நிலையான சிறு தொகை மட்டும் தரும் பயிற்சிக் காலம், பயிற்சிச் செலவைக் கழிக்க ஓராண்டு கட்டாயமாக வேலை செய்ய வேண்டிய ஒப்பந்தம் ஆகியவற்றைச் சேர்த்தால் முதலாண்டுக் கை வருமானம் இதற்குக் கீழே நிற்பதையே எதிர்பார்க்க வேண்டும்.

இத்துறையின் ஆய்வுகள் எங்கே உதவுகின்றன? மைக்கேல் பெல்சரின் 'ஸ்வெட்ஷாப்ஸ் ஆன் வீல்ஸ்' (2000) கூலிச் சரிவை, 1980இல் லாரித் தொழில் மீதான அரசுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டதோடு இணைத்துக் காட்டியது. அதன் வரலாற்று வீச்சு வலுவானது. அதற்கு முந்தைய காலத்தின் நல்ல கூலி எவ்வளவு தூரம் போட்டியைத் தடுத்ததன் பயன் என்பதில் அது அத்தனை கறாராக இல்லை. ஸ்டீவ் விசெல்லி தாமே புதிய ஓட்டுநராக வேலை செய்து எழுதிய 'தி பிக் ரிக்' (2016) நம் பொருளுக்கு மிக நெருக்கமானது: பயிற்சி ஒப்பந்தத்திலிருந்து, வண்டியைத் தவணைக் குத்தகைக்கு எடுத்து 'நீயே முதலாளி' ஆகும் திட்டம்வரை புதியவர் எப்படி நகர்த்தப்படுகிறார் என்பதை அதைவிடத் துல்லியமாகச் சொன்ன நூல் என் பார்வையில் இல்லை. ட்ரெய்லர் முழுவதும் ஒருவரின் சரக்கையே ஏற்றும் முழு லோடு நிறுவனங்களின் உலகத்தைத் தொழில் முழுமைக்கும் பொருத்திப் படிப்பவர்களுக்கு அது வழிகாட்டாது. 2019இல் ஸ்டீபன் பர்க்ஸும் கிறிஸ்டன் மொனாகோவும் எழுதிய கட்டுரை, ஓட்டுநர் பற்றாக்குறை என்ற நிரந்தர முழக்கத்தைத் தரவால் எதிர்கொண்டது. சந்தை மொத்தத்தில் மற்றச் சந்தைகளைப் போலவே கூலிக்கு எதிர்வினையாற்றுகிறது என்றது. பெரிய முழு லோடு நிறுவனங்களில் ஆண்டு ஓட்டுநர் வெளியேற்றம் பல ஆண்டுகள் 90 சதவீதத்தை ஒட்டி இருந்ததை அந்த மொத்தச் சித்திரம் மறுக்கவில்லை. புதியவர் நுழைவது பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான்.

குறை முறையிலா, கூலியின் அளவிலா என்ற கேள்விக்குச் சான்றுகள் இரு திசையிலும் பேசுகின்றன. 1997இல் ஜே.பி. ஹன்ட் நிறுவனம் ஓட்டுநர் கூலியை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்த்தியபோது, மைல் முறை அப்படியே இருந்தும், வெளியேற்றமும் விபத்தும் கணிசமாகக் குறைந்தன. அளவு முக்கியம் என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் வால்மார்ட் ஓட்டுநர்கள், தொழிலில் நல்ல சம்பளம் பெறுபவர்கள், வண்டிச் சோதனைக்கும் கட்டாயத் தங்கலுக்கும் தனிக்கூலி கேட்டு கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கில் 2016இல் 5 கோடி டாலருக்கு மேல் தீர்ப்புப் பெற்றார்கள். அந்த மாநிலம் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனியாகக் கூலி தரப்பட்டதா என்று கேட்கிறது. கூட்டாட்சிச் சட்டத்திலோ வாரக் கூலியை மொத்த நேரத்தால் வகுத்து 7.25 டாலரைத் தாண்டினால் போதும் என்பதே பொதுவான அளவுகோல். 1938ஆம் ஆண்டுக் கூட்டாட்சிக் கூலிச் சட்டத்தின் விலக்கால் மிகைநேரக் கூலியும் இல்லை. மேலே போட்ட 900 டாலர் கணக்கு கூட்டாட்சி அளவுகோலில் சுலபமாகத் தேறிவிடும். தேறுவது கூலியா, அளவுகோலின் தாழ்வா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும். தவணைக் குத்தகையைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமே இல்லை: அதை ஆராய அரசு அமைத்த பணிக்குழு 2025 ஜனவரியில் அந்தத் திட்டங்களைத் தடைசெய்யவே பரிந்துரைத்தது.

தீர்ப்பு இரு பகுதியானது. தன் நேரத்தை ஆளத் தெரிந்த, லோடைத் தேர்ந்தெடுக்கும் செல்வாக்குள்ள ஓட்டுநருக்கு மைல் கூலி இசைவான, பெரும்பாலும் நியாயமான முறை. முதலாண்டு ஓட்டுநருக்கு அது தோல்வி. காரணம், தாமதத்தை உண்டாக்குபவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் இன்னொருவர். கிடங்கின் சோம்பலுக்கும் டிஸ்பாட்சரின் தேர்வுக்கும் சாலையின் நெரிசலுக்கும் புதியவரின் பை ஈடுகட்டுகிறது. இந்தப் பழுதை நீக்க முறையைக் கைவிட வேண்டியதில்லை. வாரக் குறைந்தபட்ச உத்தரவாதம், நடைமுறை வழியின் மைல், வசூலைச் சாராத காத்திருப்புக் கூலி, குறுந்தூர லோடுக்குக் கூடுதல் சென்ட் ஆகிய நான்கும் சேர்ந்தால் மைல் கூலி தன் சிறப்புகளை இழக்காமல் நிமிர்ந்து நிற்கும். இவற்றில் ஒன்றிரண்டைத் தரும் நிறுவனங்கள் ஏற்கெனவே இருப்பதால் இது கற்பனைக் கோரிக்கையும் அல்ல.

அதுவரை, புதியவர் விளம்பரத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். உத்தரவாதம் உண்டா, பயிற்சி ஒப்பந்தத்தை முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும், காத்திருப்புக் கூலி எப்போது தொடங்கும், எந்த மைல், முதலாண்டு ஓட்டுநர்கள் மட்டும் உண்மையில் ஓட்டிய வாரச் சராசரி என்ன என்று கேட்டபிறகே சென்ட்டைக் கேட்கலாம். இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் தரும் நிறுவனத்தின் 42 சென்ட், பதில் தராத நிறுவனத்தின் 50 சென்ட்டைவிடப் பெரிய கூலி.