சின்னத் தலைத் திருகாணி

மல்வேர்னில் பனி கரையத் தொடங்கினால் வாசற்படியின் அலுமினியக் கைபிடியைத்தான் முதலில் தடவிப் பார்ப்பேன். வீதிக்குக் கொட்டிய உப்பு, தண்ணீராகி அதன் இடுக்குகளில் நிற்கும். இரண்டு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர்: 1800இல் வோல்ட்டா அடுக்கிய மின்கலம் வேறென்ன? எஃகோ பித்தளையோ பக்கத்தில் இருந்தால் கரைவது அலுமினியம். பித்தளைத் திருகாணி என்றால் கேட்கவே வேண்டாம். சுற்றிலும் வெள்ளைப் பொடி பூத்துவிடும்.

துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் வேற்று உலோகந்தான். ஆனாலும் பரந்த அலுமினியத்தில் அதன் சின்னத் தலை பெரிய கேடு செய்யாது. மாறாக, அகன்ற எஃகுத் தகட்டில் அலுமினிய ரிவெட் அடித்துப் பாருங்கள், ரிவெட்தான் முதலில் போகும். தலைக்கடியில் நைலான் வாசர் ஒன்று வைத்தால் தண்ணீரும் இறங்காது.

நான் வாங்குவது சதுரக் குழித் தலை. 1908இல் மில்டனில் தொழிற்சாலை திறந்த ரொபேட்சனின் வேலை அது. நம்ம ஒன்ராறியோச் சரக்கு! ஏணியில் ஒற்றைக் கையால் திருகும்போதும் ஆணி திருப்புளி முனையை விட்டு விழாது.