வெள்ளி ரதத்தை எங்கே நின்று பார்ப்பது?

மாசி மகத்துக்கு மலாக்கா ஜாலான் துக்காங் இமாஸில் இருக்கும் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகன் வெள்ளி ரதமேறி, செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு வருகிறார். கூட வருபவர்களில் பாதிப் பேர் அதைப் பார்ப்பது கைப்பேசித் திரையில். வெள்ளித் தகடும் விளக்கும் பூ அலங்காரமும் படத்தில் நன்றாகவே விழும். மாட்சிமை விழாது. அதைக் காண வேறொரு கண் வேண்டும். அந்தக் கண்ணைத் திறக்க ஒரு லத்தீன் சொல் உதவும்: மாயெஸ்தாஸ். ஆங்கிலேயரின் 'மேஜஸ்டி' அதிலிருந்து வந்ததுதான். லத்தீன் நமக்கு அப்படியொன்றும் தூரமில்லை. செயின்ட் பால் மலையில் சுவரோரம் நிற்கும், லத்தீன் பொறித்த கல்லறைக் கற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

லத்தீனில் 'மாயோர்' என்றால் 'இன்னொன்றைவிடப் பெரியது'. மாயெஸ்தாஸ் அதன் உறவு. ஆகவே தனியாக நிற்கும் எதற்கும் மாயெஸ்தாஸ் இல்லை. எதிரே ஒருவர் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும்.

ரோம வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் ஒரு சம்பவம் இதற்குப் பொருத்தம். கி.மு. 509 வாக்கில் மன்னராட்சியை விரட்டிய ரோமில், வலேரியஸ் என்ற கான்சல் மேட்டில் வீடு கட்டத் தொடங்கினார். அரசனாகப் பார்க்கிறார் என்று ஊர் முணுமுணுத்தது. அவர் மக்களைக் கூட்டினார். தமக்கு முன்னே அதிகாரச் சின்னமாகத் தூக்கி வரும் பிரம்புக் கட்டுகளைக் கூட்டத்தின் முன்னால் தாழ்த்தச் சொன்னார். கான்சலைவிட மக்களின் மாயெஸ்தாஸ் பெரியது என்பதை அந்தச் செய்கை ஒப்புக்கொண்டதாக லிவி எழுதுகிறார். பேச்சு பிறகுதான். ரோமக் கவிஞர் ஓவிட் மாயெஸ்தாஸை ஒரு தேவியாகவே பாடினார்: மதிப்புக்கும் மரியாதைக்கும் மகள், பிறந்த அன்றே பெரியவள்.

பேரரசர்கள் வந்ததும் சொல் கெட்டது. திபேரியஸ் காலத்தில் 'மாயெஸ்தாஸ்' என்றாலே ராஜத்துரோக வழக்கு. முந்தைய பேரரசர் அகஸ்டஸின் உருவம் பொறித்த காசோடு கழிப்பறைக்குப் போனதற்கும் மரண தண்டனை என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். கேட்டு வாங்கும் மாட்சிமை இப்படித்தான், கொஞ்ச நாளில் வெறும் பயமாகிவிடும்.

நம் மலாக்காவிலோ, 1511-இல் சுல்தான் மஹ்மூட் ஷா போர்த்துகீசியரிடம் தோற்று வெளியேறியதோடு அரியணையும் போயிற்று. 'மாட்சிமை தங்கிய' என்று நம் பத்திரிகைகள் எழுதுவது மாமன்னருக்கு. நம் மாநில ஆளுநர் 'மேதகு'. தெருவில் மாட்சிமையைக் காண நமக்கு வாய்த்தது இந்த ரதம்தான்.

இனி, எங்கே நிற்பது? ரதத்தை ஒட்டி நடக்க வேண்டாம். அங்கே வெள்ளி மட்டும்தான் தெரியும். ஒரு சந்திப்புக்கு முன்கூட்டியே போய், ரதம் வரும் திசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். யார் செருப்பைக் கழற்றுகிறார்கள், எந்த மோட்டார்சைக்கிள்காரர் எஞ்சினை நிறுத்துகிறார், வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த யார் சட்டென்று நிறுத்துகிறார்? ரதம் எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதைத் திரும்பாமலே சொல்லிவிடலாம். நாதஸ்வரம் கேட்கும் தூரத்தில் நில்லுங்கள். ஒலிபெருக்கியின் பக்கம் போனால் எல்லாம் போச்சு, சத்தத்துக்கு யாரும் தலை தாழ்த்துவதில்லை.

பிறகு, ரதம் நிற்கும் இடங்கள். அர்ச்சனைத் தட்டோடு ஒரு வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். தோட்டம் விற்கப்பட்டபின் தாமானுக்குக் குடிவந்த பால்மரம் வெட்டிய குடும்பமாக இருக்கலாம். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை அவ்வளவே. அந்தத் தட்டுக்காக மொத்த ஊர்வலமும் நிற்கும். அவர் குனிகிறார், அவருக்காக ரதம் நிற்கிறது. வலேரியஸ் பிரம்பைத் தாழ்த்தியது இதற்குப் பக்கத்தில் வரும். பின்னால் வருபவர்கள் தாமதம் என்று சலித்துக்கொள்வது இந்த இடங்களில்தான். என்னைக் கேட்டால் ஊர்வலத்தின் உச்சம் அதுவே. சன்னாசிமலை அடிவாரத்துக் கூட்டம் இரண்டாம் பட்சம்.

அடுத்த மாசி மகத்தில் வாசல் தெளித்து, தட்டு வைத்துக் காத்திருக்கும் ஒரு வீட்டைத் தேடிப் பிடியுங்கள். உள்ளே கேட்டுக்கொண்டு, வேலியோரம் நின்று பாருங்கள்.